உம்மாவின் முன்பல்



குர்ஆனைத் தஜ்வீதுடன் ஓதக் கற்றவர்கள் அறிவார்கள். மூன்று புள்ளி வைத்த ‘ஸா’, புள்ளி வைத்த ‘தால்’, புள்ளி வைத்த ‘ளா’ ஆகிய எழுத்துகள் நாவின் நுனி மேல் முன்பற்களின் விளிம்பைத் தொடும் இடத்தில் பிறக்கின்றன. ‘ஃபா’ பிறக்கவோ, கீழுதட்டின் உட்புறம் அதே பற்களின் விளிம்பைத் தொடவேண்டும். அந்த இரு பற்களில் ஒன்று இல்லாமற்போனால் நான்கு எழுத்துகளின் மஃக்ரஜ் தடுமாறும். எங்கள் உம்மாவுக்கு நேர்ந்தது இதுதான்.

உம்மாவுக்கு வயது 63. தெருப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர். தாயும் மகளும் அவரிடமே ஓதி முடித்த வீடுகள் எங்கள் தெருவில் உண்டு. சென்ற ஆண்டு, ஒளூச் செய்யும் தொட்டியருகே வழுக்கி விழுந்ததில் மேல் முன்பல் வேரோடு பிளந்துபோயிற்று. அதை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார் மருத்துவர். புண் விரைவில் ஆறியது. ஆனால் அஸருக்குப் பின் பிள்ளைகள் வரும் நேரத்தில் உம்மா கதவைச் சாத்திக்கொள்ளத் தொடங்கினார். “இயலாமல் பிழையாக ஓதுபவரை அல்லாஹ் மன்னிப்பான். ஆனால் என் பிழையைப் பிள்ளைகள் அல்லவா பிடித்துக்கொள்வார்கள்?” என்றார்.

பல் இழந்தவருக்கு மூன்று வழிகள் இருந்தன. கழற்றி மாட்டும் பல்செட்டு மலிவானது. ஆனால் ஓதும்போது ஆடும் என்று உம்மா அஞ்சினார். பிரிட்ஜ் என்றால் இருபுறமும் உள்ள நல்ல பற்களை அராவிச் சிறிதாக்கி, அவற்றின் மேல் மூன்று பற்களைச் சேர்த்துப் பொருத்தவேண்டும். நோயில்லாத பல்லை அராவ எங்களுக்கு மனம் வரவில்லை. மூன்றாவது இம்ப்ளான்ட்: தாடை எலும்பில் டைட்டானியம் திருகு ஒன்றைப் பதித்து, எலும்பு அதைப் பற்றிக்கொண்ட பின் மேலே பல்லைப் பொருத்துவது.

உம்மா அதற்கும் இணங்கவில்லை. அழகுக்காகப் பற்களுக்கிடையே இடைவெளி உண்டாக்கிக்கொள்ளும் பெண்களைக் கண்டித்து இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸை எங்களுக்கே நினைவூட்டினார். “இந்த வயதில் எனக்குப் பல் எதற்கு? பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்?” என்றும் கேட்டார். இரண்டாவது கேள்விக்கு எங்களிடம் பதில் இருந்தது. முதலாவதற்குப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் சென்றோம்.

அவர் அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை எடுத்துக் கூறினார். அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் மூக்கை இழந்தவர் அவர். வெள்ளியால் மூக்குச் செய்து வைத்துக்கொண்டார். அதில் துர்நாற்றம் ஏற்பட்டது. நபி (ஸல்) அவர்கள் தங்கத்தால் செய்துகொள்ளும்படி அவருக்குக் கூறினார்கள். இது அபூதாவூதிலும் திர்மிதீயிலும் பதிவாகியுள்ளது. ஆண்களுக்குத் தங்கம் ஹராம் என்ற சட்டம் இருந்தும், இழந்த உறுப்பை ஈடுசெய்யும் இடத்தில் அனுமதி கிடைத்திருக்கிறது. ஆடும் பற்களைத் தங்கத்தால் கட்டிக்கொள்ளலாம் என்ற கருத்துக்கு அறிஞர்கள் பலர் இதையே ஆதாரமாகக் கொண்டனர். “உள்ளதை மாற்றுவது வேறு, போனதை மீட்பது வேறு” என்று ஹஜ்ரத் முடித்துக்கொண்டார். உம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “பெண் டாக்டராகப் பாருங்கள்” என்றார்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், அந்தலூஸில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலில் ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் கட்டும் முறையையும், விழுந்த பல்லுக்குப் பதிலாக மாட்டெலும்பில் பல் செதுக்கி வைப்பதையும் விவரித்திருக்கிறார். ஆயினும் அவையெல்லாம் பக்கத்துப் பல்லைச் சார்ந்தே நின்றவை. எலும்பே உலோகத்தை ஏற்றுக்கொள்ளும் என்ற உண்மை பின்னாளில்தான் தெரியவந்தது. 1950-களில் சுவீடன் நாட்டு ஆய்வாளர் பிரோனமார்க், முயலின் கால் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்க முயன்றபோது அது எலும்போடு ஒன்றிவிட்டிருக்கக் கண்டார். 1965-இல் கோஸ்டா லார்சன் என்பவருக்கு அவர் பதித்த இம்ப்ளான்ட்கள், லார்சன் 2006-இல் இறக்கும்வரை வாயில் இருந்தன. எலும்பை இப்படிப் படைத்தவன் யார் என்பதை வாசகர்களுக்கு நாங்கள் சொல்லவேண்டியதில்லை.

சிகிச்சையில் எங்களை அதிகம் யோசிக்கவைத்தது திருகு அன்று, எலும்புத்தூள். பல் போன இடத்தில் தாடை எலும்பு மெல்ல மெல்லக் கரைகிறது. முன்பக்கத்தில் அது இயல்பாகவே மெல்லியது. ஸ்கேன் பார்த்த மருத்துவர், எலும்புத்தூள் வைத்து மேலே ஒரு மெல்லிய சவ்வால் மூடவேண்டும் என்றார். அவை எதிலிருந்து செய்யப்பட்டவை என்று லாத்தா கேட்டார். மாட்டெலும்பில் செய்த தூளும் உண்டு, செயற்கையாகச் செய்ததும் உண்டு. சவ்வுகளில் பல பன்றியின் கொலாஜனால் ஆனவை என்று மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். தன்மை முற்றிலும் மாறிய பொருளைப் பற்றி ஃபிக்ஹு அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நிர்ப்பந்தத்திற்கும் தனிச் சட்டம் உண்டு. மாற்று இருக்கும்போது அந்த வாதங்களுக்குள் நாங்கள் ஏன் போகவேண்டும்? செயற்கைத் தூளையும் பன்றிக் கலப்பற்ற சவ்வையும் வரவழைக்கச் சொன்னோம். ஒரு வாரம் தாமதமாயிற்று, அவ்வளவுதான். கேட்டால்தான் சொல்வார்கள், ஆகவே பல் மருத்துவமனைக்குச் செல்லும் நம் குடும்பத்தார் இந்த ஒரு கேள்வியை அவசியம் கேட்கவேண்டும்.

பணத்திலும் ஒரு சங்கடம் வந்தது. நிதி நிறுவனம் வழியாக மாதத் தவணை என்றார்கள். தாளை வாசித்தபோது அதில் வட்டி இருந்தது. மூன்று பங்காக மருத்துவமனையிலேயே நேரில் செலுத்திவிடுகிறோம் என்று பேசிப் பார்த்தோம், ஒப்புக்கொண்டார்கள்.

உம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. கட்டுப்படாத சர்க்கரையில் புண் ஆறுவதும் எலும்பு பற்றுவதும் கடினம் என்பதால், மூன்று மாதச் சர்க்கரை அளவு இறங்கும்வரை மருத்துவர் கைவைக்கவில்லை. நோன்பில் வாயில் இரத்தமும் நீருமாக இருக்கவேண்டாம் என்று ரமளானுக்கு முன்பே திருகைப் பதித்தார். எலும்பு பற்றிக்கொள்ள ஐந்து மாதம் காத்திருந்தோம். அந்நாள்களில் கழற்றி மாட்டும் தற்காலிகப் பல்லோடு உம்மா பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம். குளிப்புக் கடமையானவர் கழற்றும் பல்லைக் கழற்றி வாய் கொப்பளிப்பதே பேணுதல். நிலையாகப் பதித்தது உடலின் உறுப்பைப் போன்றது, அதைக் கழற்றும் கடமை இல்லை என்று ஹஜ்ரத் விளக்கினார்.

நிலையான பல்லைப் பொருத்தும் நாளுக்கு முந்திய இரவு உம்மா இன்னொன்று கேட்டார்: “நான் மௌத்தானால் குளிப்பாட்டும்போது இதைப் பிடுங்குவார்களா?” எங்களில் எவருக்கும் உடனே பேச வரவில்லை. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதைப் போன்றது என்பது நபிமொழியின் கருத்து. எலும்போடு ஒன்றியதைப் பிடுங்கமாட்டார்கள், அது உங்களோடேயே வரும் என்று லாத்தா சொன்னார். “அப்படியானால் சரி” என்று உம்மா உறங்கப் போனார்.

புதிய பல்லோடு ‘ளா’ சரியாக வரப் பத்து நாள்கள் பிடித்தன. பிள்ளைகள் இப்போது அஸருக்குப் பின் வருகிறார்கள். அவர்களில் மூவருக்கு முன்பல் விழுந்திருக்கிறது. இம்ப்ளான்டில் சொத்தை வராது, ஆனால் ஈறு கெட்டால் சுற்றியுள்ள எலும்பு கரையும் என்று மருத்துவர் எச்சரித்திருப்பதால், மிஸ்வாக்கோடு இடுக்குகளுக்கென ஒரு சிறு பிரஷும் தொட்டிக் கரையில் இருக்கிறது. அங்கே வழுக்காத ஓடும் பதித்தாயிற்று.