ராசியில்லாத குட்டி

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்பார்கள். நண்பர்களே! அந்தப் பழமொழிக்குள் எவ்வளவு விஞ்ஞானம் இருக்கிறது என்பதை எங்கள் வீட்டு வெள்ளாடுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆடு விற்ற காசில்தான் ஃபீஸ் கட்டினார்கள். போன வருஷக் கோடையில் மேய்ச்சல் காய்ந்துவிட்டது. சினை ஆடு அரைவயிறும் கால்வயிறுமாய்க் கிடந்தது. போட்ட குட்டி நோஞ்சான். "ராசியில்லாத குட்டிடா, வித்துடலாம்" என்றாள் அம்மா.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் தாது உப்புக் கலவை வைக்கச் சொன்னார். பாக்கெட்டைப் படித்தால், கோபால்ட்! விருத்தாசலத்தில் நாம் நீலக் கிளேஸுக்குச் சேர்க்கும் அதே கோபால்ட். ஆட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அதைக் கொண்டுதான் வைட்டமின் பி12 தயாரிக்கின்றனவாம்.

ஆர்வத்தில் மேலும் படித்தேன். 2007-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செம்மறிகளுக்குச் சினைக்கு முந்தைய 8 வாரமும், கருவான முதல் 6 நாளும் பி12, ஃபோலேட், மெத்தியோனின் குறைந்த தீவனம். பிறகு அந்தக் கருக்களை, நன்றாகத் தின்ற வேறு ஆடுகளின் வயிற்றில் வளர்த்தார்கள். பிறக்கும்போது குட்டிகளின் எடையில் குறையில்லை. வளர்ந்த பிறகோ உடம்பில் கொழுப்பு கூடியது; கிடாக்களுக்கு இரத்த அழுத்தமும் ஏறியது.

மரபணு மாறவில்லை. அதன்மேல் ஒட்டும் மெத்தில் என்ற சின்னக் குறிதான் மாறியது. எந்த மரபணு வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும் என்பதில் அந்தக் குறிக்குப் பங்கு உண்டு. இதுதான் எபிஜெனிடிக்ஸ். மண் ஒன்றுதான், சூளைச் சூடு மாறினால் சாமான் மாறுகிறதல்லவா!

எங்கள் குட்டி விஷயத்தில் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆட்டுக்குச் சினை 5 மாதம். கடைசி 2 மாதத்தில்தான் குட்டி வேகமாக வளரும். அப்போதுதான் நாங்கள் பட்டினி போட்டோம். தப்பு எங்களுடையது, பழி குட்டிக்கு! விற்க நான் விடவில்லை.

இப்போது அக்கா மாசமாக இருக்கிறாள். எல்லாருக்கும் போட்டுவிட்டு மிஞ்சியதைத்தான் சாப்பிடுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை என் தட்டிலிருந்த முட்டையை எடுத்து அவள் தட்டில் வைத்தேன்.

"படிக்கிற புள்ள, நீ சாப்புடுடா" என்றாள் அம்மா.

"உள்ள இருக்கறதும் நாளைக்குப் படிக்கணும்ல?" என்றேன்.

அம்மா சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "உன்னைச் சுமந்தப்ப எனக்கு யாருடா முட்டை வச்சா?" என்று கேட்டாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை.