கப்பல் ஏறியவருக்கு ஒரு வரி

அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முன்னோரைத் தேடுகிறவர்கள் 1850ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைப் புரட்டுவார்கள். அடிமையாக இல்லாத எல்லாருக்கும் அதில் பெயரும் வயதும் உண்டு. அடிமைகளுக்கு வயதும் நிறமும் ஆணா பெண்ணா என்பதும்தான். அவர்கள் பெயர் ஏற 1870 ஆகிவிட்டது.

எங்கள் ஓசூர்ப் பக்கத்து ஏழைகளில் அப்படி எழுத்தில் பெயர் தங்கியது பெரும்பாலும் கப்பல் ஏறிப் போனவர்களுக்குத்தான். 1860இல் சென்னையிலிருந்து டர்பனுக்குப் போன ‘ட்ரூரோ’ கப்பல் தொடங்கி 1911 வரை, சுமார் ஒன்றரை லட்சம் இந்தியர்கள் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பெரும்பாலோர் சென்னை மாகாணத்தார். கப்பல் பட்டியலில் ஆளுக்கு ஒரு வரி: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம். சிலருக்கு உடம்பிலுள்ள தழும்புகூட. ஓடிப்போனால் பிடிப்பதற்கும் உதவிய அந்த வரிதான் இன்று கொள்ளுப்பேரன்களுக்கு ஊர்வழி காட்டுகிறது.

‘சேலம் ஜில்லா’ என்றிருந்தால் சேலத்தோடு நின்றுவிடக் கூடாது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று அந்த ஜில்லாவில்தான் இருந்தன. 1965இல் தருமபுரியோடு பிரிந்து, 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது.

கப்பல் ஏறிப் போகாமல், தாது வருஷப் பஞ்சத்தை இங்கேயே தாங்கியவர்கள்? நிலம் இருந்தவர் பெயர் பட்டாவில் இருக்கும். கூலிக்காரருக்குப் பெரும்பாலும் எதுவும் இல்லை. எங்கள் குடும்பத்தில் கொள்ளுத்தாத்தாவுக்கு மேல் ஏற முடியவில்லை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்து வைத்து, மாரப்பா, முனியப்பா என்ற இரண்டே பெயர்கள் மாறி மாறி வருகின்றன. எந்த மாரப்பா பஞ்சத்தைப் பார்த்தவர் என்று யாருக்கும் தெரியாது. கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்க்கும்போதெல்லாம் இது என்னை வருத்துகிறது. மாட்டை மீட்கப் போய் ஆயிரம் ஆண்டுக்கு முன்பு செத்த வீரனின் பெயரை இந்த மண்ணின் கல் வைத்திருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பு கஞ்சித்தொட்டி வரிசையில் நின்ற என் பாட்டனின் பெயர் எங்குமில்லை.

தென்னாப்பிரிக்காவிலிருந்து யாராவது கிராமப் பெயரோடு வந்தால், தாலுகா ஆபீசுக்குப் போவதற்கு முன் குலதெய்வக் கோயிலுக்குப் போகச் சொல்வேன், அதுவும் பங்காளிகள் கூடிப் பொங்கல் வைக்கிற நாளில். சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலத்தை விட்டு வேறெங்கோ குடியேறியவர்களும் அன்றைக்கு வருவார்கள். ஆம்பிளைகளை விட்டுவிட்டுக் கிழவிகளிடம் பேச வேண்டும். தெலுங்கிலோ கன்னடத்திலோ தமிழிலோ, எந்த ஊரில் பெண் எடுத்தோம், எங்கே கொடுத்தோம் என்று அவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். யார் வீட்டுத் தம்பி சொல்லாமல் கொள்ளாமல் போய்த் திரும்பவே இல்லை என்றும் அவர்களிடமே கேட்க வேண்டும்.