தலையில் ஏறிய கீற்று

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்து வாழும் நமக்குப் பழங்காசு என்றால் தனி மயக்கம் உண்டு. அம்மயக்கத்தையே முதலாக்கிப் பிழைப்போரும் உளர்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தக் கம்பெனியார் இலங்கையில் தடித்த செப்புக் காசுகளை அடித்தனர். ஒரு புறம் ஆண்டு; மறுபுறம் கம்பெனியின் பின்னல் முத்திரை. முத்திரைக்கு மேலே, அடித்த ஊரைக் காட்டும் ரோம எழுத்து: கொழும்புக்குச் 'சி', காலிக்கு 'ஜி', யாழ்ப்பாணத்துக்கு 'ஐ', நம் ஊருக்கு 'டி'. நம் ஊர்க் காசு அரிது. ஆதலின் விலையும் மிகுதி. யாழ்ப்பாணத்து 'ஐ'யின் தலையில் குறுக்குக் கீற்று ஒன்று ஏறினால் போதும், அது திருகோணமலைக் காசாகிவிடும்!

ஆகவே காசு கைக்கு வந்ததும் நாம் உருப்பெருக்குக் கண்ணாடியை எடுப்போம். அச்சில் எழுந்த எழுத்து தளத்தோடு ஒன்றியே மேலெழும். பற்றவைத்த கீற்றின் அடியிலோ பொருத்துக்கோடு தெரியும்; நிறமும் வேறுபடலாம். செதுக்கி உண்டாக்கியதாயின் சுற்றுத்தளம் தாழ்ந்து கீறலுற்றிருக்கும். ஏனைய பாகம் தேய்ந்திருக்க, கீற்று மட்டும் கூராக நிற்பின் ஐயம் கொள்ளல் வேண்டும்.

ஆண்டையும் நோக்குவோம். 1795 ஆகஸ்டில் நம் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. அதற்குப் பிந்திய ஆண்டைத் தாங்கிய 'டி' காசு நம் ஊரில் பிறந்திருக்க இயலாது.

மாணவர்களே, பழங்காசைப் புளியிட்டு விளக்காதீர்கள். களிம்போடு சான்றும் கரைந்து போம்.

ஏமாந்தவர் இழப்பது பணம் மட்டுமன்று. யாழ்ப்பாணம் தன் காசொன்றை இழக்கிறது; திருகோணமலையோ பொய்யொன்றைப் பெறுகிறது.