தமாஷும் வேடிக்கையும்

பெங்களூரு சிவாஜிநகரில் 1927-ல் கட்டப்பட்ட ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றிக் கன்னடம், தமிழ், உருது, தெலுங்கு நான்கும் ஒன்றாகக் காதில் விழும். பேரத்தின் நடுவே வரும் ஒரு சொல்லுக்கு மட்டும் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். கன்னடத்தில் 'தமாஷெ', உருதுவில் 'தமாஷா', நமக்குத் 'தமாஷ்'. நடப்பதைக் குறிக்கும் அரபு வேரில் பிறந்து, பாரசீகத்தில் உலாவாகவும் காட்சியாகவும் பொருள் விரிந்து, இங்கே சிரிப்பாக வந்து சேர்ந்த சொல் அது.

இதே நகரில் வேலைக்காக ஸ்பானிஷ் கற்கும் இளைஞர்களுக்கு இந்தச் சிரிப்புதான் சிக்கல். பொழுது இனிமையாகப் போனால் அது 'திவெர்தீதோ'. அதன் லத்தீன் மூலத்துக்கு 'வேறு பக்கம் திரும்புதல்' என்று பொருள். சிரிப்பு மூட்டினால் 'கிராசியோசோ'. இது அருள், நயம் என்று பொருள்படும் 'கிராசியா'விலிருந்து வந்தது. நன்றி சொல்லும் 'கிராசியாஸ்' இதற்கு உடன்பிறப்பு. மெக்சிகோவில் 'சிஸ்தோசோ' என்பார்கள். ஆனால் குரல் சற்றே மாறினால் போதும், 'கே கிராசியா!' என்ற பாராட்டு, 'ரொம்பத்தான் தமாஷ்!' என்ற குத்தலாகிவிடும்.

தமிழில் இவை எல்லாவற்றுக்கும் 'வேடிக்கை' என்று எழுதி நகர்ந்துவிடலாம். அங்கேதான் மொழிபெயர்ப்பாளன் தயங்குகிறான். வேடிக்கை சிரிக்க வைக்கும்; வேடிக்கை பார்ப்பதோ கைகட்டி நிற்பது.

பெங்களூரு இரண்டையும் அறியும். 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியானதும் கலவரம் மூண்டு தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். தெருவில் வாய்விட்டுத் தமிழ் பேசவே தயங்கிய நாட்கள் அவை. அல்சூர் ஏரிக்கரையில் அந்த ஆண்டு திறக்கப்பட வேண்டிய திருவள்ளுவர் சிலை, மூடிய துணியோடு 18 ஆண்டுகள் நின்றது. வருவோர் போவோர் வேடிக்கை பார்த்துச் சென்றார்கள். 2009 ஆகஸ்டில்தான் திரை விலகியது. சில நாட்களில் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது.

அடுத்தவர் மொழியில் விலை கேட்க இலக்கணம் போதும்; தமாஷ் பண்ண நம்பிக்கை வேண்டும். எதிரில் இருப்பவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்கிற நம்பிக்கை. ஸ்பானிஷ் வகுப்பில் அது கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. சிவாஜிநகரில் ஒரு தமிழர் கன்னடக்காரரிடம் 'ஏனு தமாஷெனா?' என்று கேட்டு, இருவரும் சிரித்தால், அன்றைக்கு ஊர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.