வந்துட்டேன்

லினக்ஸ் கெர்னலின் பழைய மூலநிரலில் இரண்டு செய்திகள் உண்டு. பல ப்ராசஸர்கள் உள்ள இயந்திரம் பூட் ஆகும்போது, அவற்றில் ஒன்று எழுந்து வராவிட்டால் திரையில் வருபவை அவை. ஒன்று ‘நாட் ரெஸ்பாண்டிங்’, முடிவில் ஒரு முற்றுப்புள்ளி. இன்னொன்று ‘ஸ்டக்’. அதன் பின்னால் ஓர் இடைவெளி, பிறகு இரண்டு கேள்விக்குறிகள். அந்த இரண்டாவது கேள்விக்குறிமேல் எனக்கு ஒரு பிரியம். ஒன்றே போதுமே! எழுதியவர் அன்றைக்கு ரொம்ப நொந்துபோயிருக்க வேண்டும்.

கூப்பிட்ட குரலுக்குப் பதிலே இல்லையென்றால் முதலாவது செய்தி. பதில் வந்தது, ஆளைக் காணோம் என்றால் இரண்டாவது. பதில் என்பது ஓர் எண்தான். எழுப்பப்பட்ட ப்ராசஸர், தான் ஓடத் தொடங்கிய நினைவகப் பக்கத்தின் தலையில் ஏ5 என்று எழுதிவைக்கும். எழுப்பியது ஐந்து வினாடி காத்திருக்கும். ஆள் வராவிட்டால் அந்த இடத்தை எட்டிப் பார்க்கும். ஏ5 இருந்தால் கண் விழித்திருக்கிறது, எழுந்திருக்கவில்லை என்று பொருள்.

இந்த வித்தியாசம் எனக்குப் பத்து வயதிலேயே தெரியும்.

எங்கள் வீடு பெருமாள் கோயிலை ஒட்டி இருந்தது. மார்கழியில் விடிகாலை நாலரைக்கு ‘ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்பது நேரே எங்கள் முற்றத்தில் வந்து விழும். அதற்கப்புறம் யார் தூங்குவது? அதனால் பஜனைக்கு மற்றப் பையன்களை எழுப்பும் வேலை என் தலையில் விழுந்தது. திறமைக்குக் கிடைத்த பதவி என்று அப்போது நினைத்துக்கொண்டேன். ப்ராசஸர்களிலும் இதே கதைதான். மின்சாரம் வந்ததும் எல்லாம் சமம். வன்பொருள் ஏதோ ஒன்றைப் பிடித்து ‘நீதான் பூட்ஸ்ட்ராப் ப்ராசஸர்’ என்று சொல்லிவிடும். மற்றவை கூப்பிடும்வரை படுத்துக் கிடக்கும்.

தெருவில் ஒன்பது வீடு. கடைசி வீட்டுப் பையன்தான் சிக்கல். ஜன்னலில் தட்டினால் முதல் தட்டிலேயே ‘வந்துட்டேன், வந்துட்டேன்’ என்பான். குரலில் தூக்கச் சாயலே இருக்காது. நம்பித் திரும்பி வருவேன். பஜனை இரண்டு தெரு சுற்றிவிட்டு வரும், அவன் வரமாட்டான். பொங்கல் தொன்னை கைமாறும் சமயத்தில் மட்டும், யாரும் எழுப்பாமலே, தலை சீவித் திருமண் இட்டுக்கொண்டு வரிசையில் நிற்பான். ‘ஏன்டா பொய் சொன்னே?’ என்று ஒரு நாள் சட்டையைப் பிடித்தேன். அவன் நிஜமாகவே விழித்தான். நான் வந்ததே அவனுக்குத் தெரியாதாம். அவன் அம்மாவும் சத்தியம் செய்தாள்: ‘தூக்கத்துலயே சொல்றான்ப்பா. பள்ளிக்கூடத்துக்கு எழுப்பினாலும் இதே பாட்டுதான்.’ ஏ5 எழுதிவிட்டுத் தூங்கியிருக்கிறான், பாவம். பஜனைக்காரத் தாத்தா அன்றைக்கு எனக்கு ஒரு சட்டம் போட்டார்: குரலை நம்பாதே, ஆளைப் பார்க்காமல் வாசலை விட்டு நகராதே. அதன்பிறகு கடைசி வீட்டு வாசலில் பனியில் நின்று நான் எண்ணிய நட்சத்திரங்களுக்குக் கணக்கில்லை.

நாற்பது வருஷம் கழித்து அந்தச் சட்டத்தை மீறி மாட்டிக்கொண்டேன். பொழுதுபோக்குக்காக ஒரு குட்டிக் கெர்னல் எழுதிக்கொண்டிருந்தேன். (ஓய்வுபெற வேண்டிய வயதில் இதெல்லாம் தேவையா என்ற கேள்வி வீட்டிலேயே போதிய அளவு எழுப்பப்பட்டுவிட்டது.) எமுலேட்டரில் சமர்த்தாக ஓடியது. நாலு கோர் உள்ள நிஜ இயந்திரத்தில் வைத்தால் சில சமயம் உறைந்து நிற்கும், சில சமயம் சொல்லாமல் கொள்ளாமல் ரீசெட் ஆகும்.

இன்டெல் வகுத்த எழுப்பும் முறை, கிட்டத்தட்ட எங்கள் தெரு முறைதான். முதலில் இனிட் என்று ஓர் உலுக்கல். பத்து மில்லி வினாடி பொறுத்து ஸ்டார்ட்டப் என்று ஒரு தட்டல். 200 மைக்ரோ வினாடி கழித்து, முதல் தட்டு காதில் விழாமல் போயிருந்தால் என்ன செய்வது என்று இன்னொரு தட்டல். எழும் ப்ராசஸருக்கு உலகமே தெரியாது. தன்னை 1978இல் வந்த 8086 என்று நினைத்துக்கொண்டு, 16 பிட்டில், ஒரு மெகாபைட்டுக்குள் கண் விழிக்கும். அங்கிருந்து 386இன் 1985க்கும், 64 பிட் வந்த 2003க்கும் படிப்படியாக அழைத்து வரவேண்டும். சாயங்காலம் தூங்கி எழுந்து, விடிந்துவிட்டது என்று பல்பொடியைத் தேடாத குழந்தை உண்டா? அதே முழிப்புதான்.

நான் என்ன செய்தேன்? நேரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று மூன்று ப்ராசஸர்களையும் முதலிலேயே சேர்த்து உலுக்கிவிட்டு, பிறகு விறுவிறுவென்று ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போனேன். எது வந்தது, எது வரவில்லை என்று நின்று பார்க்கவில்லை. என்ன நடக்கிறது என்று அறிய, தட்டும் இடத்தில் சீரியல் போர்ட் வழியாக ஒரு வரி அச்சிடச் செய்தேன். உடனே எல்லாம் சரியாகிவிட்டது! வரியை எடுத்தால் பழைய குருடி. நாலு ராத்திரி இப்படிப் போயிற்று. அச்சிட்டால் ஓடுகிறது, அச்சிடாவிட்டால் விழுகிறது.

விடை கணக்கில் இருந்தது. 115200 வேகத்தில் சீரியல் போர்ட் வினாடிக்கு 11520 எழுத்து அனுப்பும். நாற்பது எழுத்து வரிக்குச் சுமார் மூன்றரை மில்லி வினாடி. அந்த வரி எனக்கு ஒன்றும் சொல்லவில்லை, என்னை வாசலில் நிறுத்தி வைத்தது. அவ்வளவுதான். விழிக்கும் மூன்றுக்கும் தற்காலிகமாக ஒரே ஸ்டாக், அதாவது வேலை செய்ய ஒரே நினைவக இடம், கொடுத்திருந்தேன். ஒன்று எழுந்து தன் சொந்த ஸ்டாக்குக்கு நகர்வதற்குள் அடுத்தது வந்து உட்கார்ந்தால், ஒரே இலையில் இரண்டு பேர் கைவைத்த கதை. 2023இல் வந்த லினக்ஸ் 6.5 எல்லாவற்றையும் சேர்த்தே எழுப்பத் தெரிந்தது. ஆனால் அதில் ஒவ்வொரு ப்ராசஸரும் தன் அடையாளமான ஏபிக் எண்ணைப் பார்த்து, தனக்கென்று போட்ட இலையைத் தேடிப்போய் உட்காரும். நான் இலை போடாமலே பந்திக்குக் கூப்பிட்டவன்.

எழுப்புவது என்றதும் கும்பகர்ணன்தான் நினைவுக்கு வருவான். அது ஓர் ஆளை எழுப்ப ஊரே படும் பாடு. வந்தவர்கள் சேர்ந்துபோய், வராதவர்களை வீடு வீடாக எழுப்புவதற்கு ஆண்டாள்தான். திருப்பாவையில் ஆறாம் பாட்டிலிருந்து பதினைந்தாம் பாட்டுவரை பத்து வீடு, பாட்டுக்கு ஒரு வீடு. ஒருத்திக்கு ஒரு பாட்டு முழுசாகச் செலவழித்துவிட்டுத்தான் அடுத்த வாசல். பதினைந்தாம் பாட்டு வீட்டுக்காரி உள்ளே இருந்தபடியே பதிலுக்குப் பதில் பேசுகிறாள். எங்கள் கடைசி வீட்டுக்காரனைவிடக் கெட்டிக்காரி. எல்லாரும் வந்தாகிவிட்டதா என்று கேட்கிறாள். வந்தாகிவிட்டது, நீயே வந்து எண்ணிக்கொள் என்கிறார்கள் வெளியே இருப்பவர்கள். சின்ன வயதில் இதைச் சண்டை என்றே நினைத்திருந்தேன். படுக்கையில் இருந்தபடி ‘வந்துட்டேன்’ சொல்லலாம். எண்ணுவதற்கு வாசலுக்கு வந்தாகவேண்டும்.

கெர்னலில் அதைத்தான் செய்தேன். பொதுவில் ஓர் எண். எழுந்த ப்ராசஸர் தன் சொந்த ஸ்டாக்குக்குப் போய் உட்கார்ந்த பிறகு, தானே அந்த எண்ணில் ஒன்று கூட்டவேண்டும். கூடும்வரை எழுப்புகிறவன் அடுத்த கதவைத் தொடக்கூடாது. மொத்தம் மூன்று வரி. அச்சிடும் வரியை எடுத்துவிட்டு இயக்கினேன். நாலும் வந்தன.

கூடாமலே போனால் எத்தனை நேரம் நிற்பது என்று ஓர் எல்லை வைக்க வேண்டியிருந்தது. ஐந்து வினாடி வைத்தேன். அதற்கப்புறம் திரையில் போட ஒரு செய்தி வேண்டுமே. ‘ஸ்டக்’ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, மூன்று கேள்விக்குறி போட்டேன்.