வெள்ளியங்கிரி ஏழு மலை ஏறணுமா? அரூர்க்காரர்களே, முதலில் தீர்த்தமலை!

பிப்ரவரி பிறந்தால் போதும், ‘இந்த வருஷம் வெள்ளியங்கிரி போலாமா?’ என்று வாட்ஸ்அப் குழுக்களில் பேச்சு ஆரம்பித்துவிடும். பிப்ரவரி முதல் மே வரைதான் ஏழாவது மலை வரை ஏற வனத்துறை அனுமதி தருகிறது. அரூரில் பஸ் ஏறி, மஞ்சவாடி கணவாய் தாண்டி சேலம், அங்கிருந்து கோவை, பிறகு பூண்டி அடிவாரம். போய்ச் சேரவே பாதி நாள் ஆகிவிடும். அந்தக் களைப்போடு, தூக்கமும் இல்லாமல், ராத்திரியே மலை ஏறத் தொடங்குகிறவர்கள்தான் அதிகம்.

அங்கேதான் ஆபத்து. 2024 பருவத்தில் மலைப்பாதையிலேயே பலர் உயிரிழந்தார்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றுதான் பெரும்பாலான செய்திகள் வந்தன. நம் உடம்பு தாங்குமா என்பதை 200 கிலோமீட்டருக்கு அப்பால் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்ன? பரீட்சை வைக்க நம்ம ஊர் பக்கத்திலேயே ஒரு மலை இருக்கிறது.

அரூரிலிருந்து சுமார் 16 கி.மீ. தூரத்தில் தீர்த்தமலை. அடிவாரத்தில் ஒரு கோயில், மலை மேல் தீர்த்தகிரீஸ்வரர், வடிவாம்பிகை சந்நிதி. அருணகிரிநாதர் பாடிய தலம். படிகளும் செங்குத்தான ஏற்றமும் கலந்த பாதை. நிதானமாக ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். காலை 7 மணிக்குள் கிளம்பிவிடுங்கள், வெயில் ஏறிவிட்டால் பாறை சுடும். கையில் தின்பண்டப் பை வேண்டாம். குரங்குகள் பிடுங்கிக்கொள்ளும், அவற்றிடம் நியாயம் பேச முடியாது.

மேலே ராமர், குமாரர், கௌரி, அக்னி, அகத்தியர் என ஐந்து தீர்த்தங்கள். பாறை உச்சியிலிருந்து விழும் ராமர் தீர்த்தத்தில் தலையைக் காட்டினால் ஏறிய அலுப்பு பறந்துவிடும். இலங்கையிலிருந்து திரும்பிய ராமர் இங்கே பூஜை செய்ய நினைத்தாராம். கங்கை நீர் கொண்டுவரப் போன அனுமன் வரத் தாமதமாகவே, அம்பு விட்டு இந்தத் தீர்த்தத்தை உண்டாக்கினார் என்கிறது தலபுராணம். தாமதமாக வந்த அனுமன் கோபத்தில் வீசிய நீர் விழுந்த இடம்தான் தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கும் அனுமன் தீர்த்தம். மாசியில் தீர்த்தமலைத் தேர் என்றால் சுற்றுவட்டாரமே திரண்டுவிடும்.

சரி, பரீட்சை எப்படி? ஏறும்போது பக்கத்தில் வருபவரிடம் பேசிக்கொண்டே ஏறுங்கள். நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம். நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். பிறகு மெல்ல இறங்கி, டாக்டரைப் பார்த்த பிறகுதான் வெள்ளியங்கிரி பற்றிய யோசனையே. இதய நோய், ஆஸ்துமா, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இந்த ஒத்திகைக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

ஏனென்றால் அங்கே ஏற்றம் ஒரே சீராக இருக்காது. பூண்டியில் தொடங்கும் முதல் மலையின் படிகளே முழங்காலைக் கேள்வி கேட்கும். வெள்ளை விநாயகர், பாம்பாட்டி சுனை, கைதட்டி சுனை என்று கடந்து போனால் நடுவில் கொஞ்ச தூரம் சமமான பாதை. ‘அவ்வளவுதானா?’ என்று தோன்றும். ஆறாவது மலையில் ஆண்டி சுனைக்கு இறங்கி, அதற்குப் பிறகு செங்குத்தான ஏழாவது மலையை ஏற வேண்டும். பாறைகளுக்கு அடியில் இருக்கும் சுயம்பு லிங்கத்தைப் பார்க்கும்போது பாதி வேலைதான் முடிந்திருக்கும். வந்த வழி முழுக்க இறங்கவும் வேண்டுமே! ஒரு வழி மட்டுமே சுமார் 6 கி.மீ.

அதனால் அடிவாரத்தில் சில மணி நேரமாவது தூங்கிவிட்டு ஏறுங்கள். மூங்கில் தடி, டார்ச், உச்சியில் அடிக்கும் குளிர்காற்றுக்கு ஒரு ஸ்வெட்டர் கட்டாயம். பிளாஸ்டிக் பொருள்களை அடிவாரத்திலேயே சோதனை செய்வார்கள். கூட வந்தவர் ‘முடியல’ என்றால் ஒருவர் துணைக்கு நில்லுங்கள், ‘இன்னும் கொஞ்சம்தான்’ என்று இழுத்துப் போகாதீர்கள்.

தீர்த்தமலை ஏறிய மறுநாள் வீட்டு மாடிப்படியில் இறங்கிப் பாருங்கள். தொடை பிடித்துக்கொண்டு சுவரைத் தேடினால், பயணத்தை இரண்டு வாரம் தள்ளிப் போட்டுவிட்டு இன்னும் இரண்டு முறை தீர்த்தமலை ஏறலாம். மே வரை நேரம் இருக்கிறது.