கசிந்த தாளும் விடுபட்ட குறிப்பும்

ஆங்கிலேயர் 1923-இல் இயற்றிய அலுவல்சார் ரகசியங்கள் சட்டம், அனுமதியின்றி அரசின் ரகசியத் தகவலைக் கொடுப்பதையும் பெறுவதையும் குற்றமாக்குகிறதே தவிர, எது ரகசியம் என்பதை வரையறுக்கவில்லை. இச்சட்டத்தைக் காட்டியே, ரஃபேல் போர் விமான ஒப்பந்தம் குறித்து 'தி இந்து' நாளிதழ் 2019-இல் வெளியிட்ட பாதுகாப்பு அமைச்சக ஆவணங்களைச் சீராய்வு மனுவில், அதாவது தீர்ப்பை மீண்டும் பரிசீலிக்கக் கோரும் மனுவில், ஏற்கக் கூடாது என்று மத்திய அரசு வாதிட்டது. அவை திருடப்பட்டவை என்று மார்ச் 6 அன்று உச்ச நீதிமன்றத்தில் கூறிய அரசுத் தலைமை வழக்கறிஞர், இரண்டு நாள் கழித்து, நகலெடுக்கப்பட்டவை என்பதே தம் கருத்து என விளக்கினார். ஏப்ரல் 10 அன்று மூன்று நீதிபதிகளும் அரசின் ஆட்சேபத்தை நிராகரித்தது மக்களாட்சிக்குக் கிடைத்த பெரும்பேறு.

ஆயினும் கூர்ந்து நோக்க வேண்டியது, முதலில் வெளியான அந்த ஒரு பக்கத்தை. ஒப்பந்தம் குறித்துப் பாதுகாப்பு அமைச்சகம் நடத்திய பேச்சுக்கு இணையாகப் பிரதமர் அலுவலகமும் பேச்சு நடத்துவதை ஆட்சேபித்து அமைச்சக அதிகாரிகள் எழுதிய அத்தாளின் அடியில், அந்த ஆட்சேபத்தின் ஒரு பகுதி மிகையானது என்னும் பொருள்பட அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் கைப்பட எழுதிய குறிப்பு இருந்தது. நாளிதழ் வெளியிட்ட படத்தில் அது இடம்பெறவில்லை, அன்றே முழுப் பக்கமும் இணையத்தில் பரவியது. ஆட்சேபமும் உண்மை, அமைச்சரின் மறுமொழியும் உண்மை; எனினும் கைப்பேசியில் முதல் படத்தை மட்டும் பார்த்துப் பகிர்ந்தவர் அந்த மறுமொழியை அறியாமலே முடிவுக்கு வந்தார். இதைத் தவிர்க்க, ராணுவ நுட்பம் எதுவும் இல்லாத அந்தக் கோப்புப் பக்கத்தை அரசே நாடாளுமன்றத்தில் வைத்திருக்கலாம்.